சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

அப்பா லாரி வாங்கியபோது தெருவே கூடி நின்று வாழ்த்தியது. அதே தெருவில் அதை நிறுத்தத்தான் இடமில்லை. எங்கள் வாசலுக்கு நேரே கரண்ட் கம்பம் இருந்தது. கம்பத்துக்கு ஓர் இழுகம்பி, இழுகம்பியை ஒட்டித் தெருக்குழாய். ராஜபாளையத்தில் தண்ணீர் வருகிற நேரம் பார்த்துக் குழாயடியில் ஒரு சைக்கிளைச் சாய்த்து வைத்தாலே, குடத்தோடு நிற்கும் பெண்கள் நம் வம்சத்தையே இழுத்துப் பேசிவிடுவார்கள். லாரியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அப்பாவுக்குத் தெரியாதா? வண்டியைக் கொண்டுவந்த அன்று தெருநடுவில் இன்ஜினை அணைக்காமல், எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போது எதிர்வீட்டுப் பெரியம்மாதான் ஆரத்தித் தட்டோடு வந்தார்கள். அவர்கள் எங்களுக்குச் சொந்தம் ஒன்றும் இல்லை. அவர்கள் வீட்டில் தெலுங்கு, எங்கள் வீட்டில் தமிழ். அம்மா அவர்களை அக்கா என்றும் அப்பா மதினி என்றும் கூப்பிட்டுப் பழகியதில் எனக்குப் பெரியம்மாவாக வாய்த்துவிட்டார்கள். ஆரத்தி சுற்றிக் கொட்டிவிட்டு, "எங்க வீட்டு முன்னாடியே நிப்பாட்டு தம்பி. சாயங்கால வெயிலு நேரா உள்ள வந்து விழுது. வண்டி நின்னா மறைப்பா இருக்கும்லா" என்றார்கள்.

அது வெறும் உபசாரமும் இல்லை. பெரியப்பாவுக்கு மில்லில் ராத்திரி ஷிப்ட். பகலில்தான் தூக்கம். மேற்குப் பார்த்த வீடு என்பதால் மத்தியானத்துக்கு மேல் அவர் கட்டிலை ஒவ்வொரு மூலையாக இழுத்துக்கொண்டு அலைவார். லாரி வந்த பிறகு ஒரே இடத்தில் கிடந்து குறட்டை விட்டார். பெரியம்மா டிரைவர் சீட்டுக்கு மேலே இருந்த தகரத்தில் ஏறி வற்றல் காயப் போட்டார்கள். நானும் தெருப் பெண்பிள்ளைகளும் பாடிக்கு அடியில் உட்கார்ந்து தட்டாங்கல் ஆடினோம். "நம்ம லாரி" என்றுதான் பெரியம்மா சொல்வார்கள். யாராவது அதன் மேல் கரியால் கிறுக்கினால் எங்கள் அம்மாவுக்கு முன்னால் அவர்கள்தான் விளக்குமாற்றோடு ஓடி வருவார்கள்.

அப்பா சாமி கும்பிடுகிறவர் என்று சொல்ல முடியாது. கோவிலுக்குள் போனால் செருப்பு தொலைந்துபோகும் என்ற கவலையிலேயே சுற்றி வந்துவிடுவார். அவருக்கு இருந்த பக்தியெல்லாம் எலுமிச்சம்பழத்தின் மேல்தான். அமாவாசைதோறும் விடியலில் லாரியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு பழத்தைக் குங்குமத்தில் தோய்த்து அடியில் வைப்பார். பிறகு வண்டியை மெல்ல ஏற்றி நகர்த்துவார். பழம் நசுங்கும் சத்தம் கேட்டால்தான் அவருக்கு முகம் தெளியும்.

ஏன் இப்படி நல்ல பழத்தை வீணாக்குகிறீர்கள் என்று ஒரு முறை கேட்டேன். ஊறுகாய் போட்டிருக்கலாமே என்பது என் கட்சி. அவர் சிரிக்கவில்லை. செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் மலையிறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய், பாறையில் உரசி வண்டி நின்ற கதையைச் சொன்னார். அன்று அமாவாசை. காலையில் பழம் வைத்துவிட்டுப் போயிருந்தார். "வண்டி மேல எம்புட்டுக் கண்ணு பட்டிருந்தாலும், எது தொத்தியிருந்தாலும் பழம் வாங்கிக்கிடும்மா. நம்மள விட்டுட்டு அது போயிரும்" என்றார். எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு எனக்கு அப்போது புத்தியில்லை. நாலாம் வகுப்புதான் படித்துக்கொண்டிருந்தேன்.

நசுங்கிய பழங்களை எடுப்பது அம்மாவின் வேலை. லாரி தெருமுனை திரும்புவதற்குள் முறத்தில் அள்ளிக்கொண்டு போய் முச்சந்தியில் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே நுழைவாள். கழித்துப் போட்டதை யாரும் மிதித்துவிடக் கூடாது என்பாள். முச்சந்தியிலும் ஆள் நடப்பார்களே என்றால், "முச்சந்தி யாருக்கும் வாசல் இல்லட்டி" என்று என் வாயை அடைத்துவிடுவாள்.

இரண்டு வீடுகளுக்கும் நடுவே முதலில் உடைந்தது ஒரு கல். பெரியம்மா வீட்டுச் சாக்கடை மேல் பாவியிருந்த கல்லில் பின்சக்கரம் ஏறி அது இரண்டாகப் போனது. அப்பா அன்றைக்கே புதுக் கல் கொண்டுவந்து போட்டார். பெரியம்மா அதைக் காலால் மிதித்துப் பார்த்துவிட்டு, பழைய கல் மாமனார் காலத்துக் கல் என்றார்கள். அதற்கு அப்பாவால் என்ன செய்ய முடியும்? அப்புறம் வாசலில் ஆயில் சொட்டி, கோலம் போடுகிற இடம் கறுத்துப்போனது. அம்மா மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தாள். கறை போனது, மண்ணெண்ணெய் நாற்றம் ஒரு வாரம் நின்றது. "நம்ம லாரி" எப்போது "உங்க லாரி" ஆனது என்று எனக்கு நினைவில்லை. பெரியவர்களுக்கும் நினைவிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அதெல்லாம் தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது. அக்கா பிரசவத்துக்கு வந்த பிறகுதான் தாங்க முடியாமல் போனது.

அக்கா பெரியம்மாவின் ஒரே மகள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வெகுநாள் பிள்ளையில்லாமல் இருந்து, மாமியார் வாயில் விழுந்து எழுந்து, கோவில் கோவிலாகத் தொட்டில் கட்டி, கடைசியில் உண்டாகியிருந்தாள். பெரியம்மா அவளைத் தரையில் கால் வைக்க விடவில்லை. அவள் சாப்பிடுகிற தட்டைக்கூட அடுத்தவர் கண்ணில் படாமல் முந்தானையால் மூடிக் கொண்டுபோவார்கள். அப்படிப்பட்ட வீட்டு வாசலில் எங்கள் லாரி புகையைக் கக்கிக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும்? காலையில் ஸ்டார்ட் செய்ததுமே அக்கா குமட்டிக்கொண்டு கொல்லைப்புறம் ஓடுவாள். பெரியம்மா வெளியே வந்து அப்பாவை ஒன்றும் சொல்லாமல், லாரியைப் பார்த்துத் தெலுங்கில் திட்டுவார்கள்.

வளைகாப்பன்று சம்பந்தக்காரர்கள் வேனில் வந்திறங்கி, வீடு எது என்று தெரியாமல் தெருவின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தார்கள். லாரி அந்த வீட்டை முழுதாக மறைத்துக்கொண்டு நின்றதுதான் காரணம். "லாரி செட்டுக்குள்ள பொண்ணெடுத்திருக்கோம்னு இம்புட்டு நாளும் தெரியாமப் போச்சே" என்று அக்காவின் மாமியார் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். பெரியம்மாவும் கூடச் சிரித்தார்கள். பந்தி முடிந்து அவர்கள் கிளம்பிப் போன பிறகு பெரியம்மா படியில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன்.

அதன் பிறகு அப்பா தன்னால் ஆனதையெல்லாம் செய்தார். லோடு ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டார். மறுநாள் காலையில் டேங்கில் டீசல் இல்லை. அடுத்த தடவை பேட்டரியே இல்லை. திரும்பவும் தெருவுக்கே கொண்டுவந்தார். எங்கள் தெரு லேசான சரிவு என்பதால், ஸ்டார்ட் செய்யாமலே நியூட்ரலில் உருட்டிக்கொண்டுபோய்த் தெருமுனையில் இன்ஜினை உயிர்ப்பித்தார். அவ்வளவு பெரிய வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்து போவதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருக்கும். பெரியம்மாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. திருடன் மாதிரிப் போகிறான் என்றார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் அது வெடித்தது. மறுநாள் அக்காவின் மாமியார் மறுபடியும் வருவதாகத் தகவல் வந்திருந்தது. பெரியம்மா நேரே எங்கள் வாசலுக்கு வந்து, "விடியுமுன்ன வண்டி அங்க இருக்கப்பிடாது. இருந்துச்சு, கல்லத் தூக்கிக் கண்ணாடில போட்டுருவேன்" என்றார்கள். அப்பா எடுத்துவிடுகிறேன் மதினி, எடுத்துவிடுகிறேன் என்று தணிந்துதான் பேசினார். அம்மாவால்தான் பொறுக்க முடியவில்லை. நிப்பாட்டச் சொன்னது யாரு, ஆரத்தி எடுத்தது யாரு என்று ஆரம்பித்து, வற்றல் காயப்போட்டதுவரைக்கும் இழுத்துவிட்டாள். கடைசியில், "நல்லா இருங்க அக்கா. உங்க வாசலோட, உங்க மகளோட நல்லா இருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். கோபத்தில் சொன்னதுதான். ஆனாலும் நல்லா இருங்க என்பதை எப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் வரும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் அமாவாசை.

பெரியம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக அப்பா வழக்கத்தைவிட முன்னதாகவே எழுந்துவிட்டார். அவசர அவசரமாக வண்டியைக் கழுவினார். சூடம் காட்டினார். பழம் வைத்தார். அம்மா அன்று வீட்டுக்குத் தூரமாகியிருந்தாள். பூஜைப் பொருளைத் தொடக் கூடாது என்று பின்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். பழத்தை நான் அள்ளிக்கிடுதேன், நீ கிட என்று அப்பா அவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. சொன்னபடி செய்யத்தான் நினைத்திருப்பார். ஆனால் உருள ஆரம்பித்த லாரியைச் சரிவில் பாதியில் நிறுத்த முடியாது. முனைவரை போய் இன்ஜினை உயிர்ப்பித்தவுடன் எதிரே பால் வண்டி, அதற்குப் பின்னால் பஸ். ஒதுங்க இடமில்லாமல் அப்படியே செட்டியார்பட்டிக்கு லோடு ஏற்றப் போய்விட்டார். யாரையும் தொந்தரவு செய்யாமல் போக வேண்டும் என்று நினைத்துப் போன போக்கு அது.

அமாவாசையன்று எங்கள் தெருவில் பாதி வீட்டில் கோலம் கிடையாது. பெரியம்மாவும் அதுவரை வாசல் பக்கம் வரவில்லை. கதவைத் திறந்துகொண்டு முதலில் வந்தவள் அக்காதான். பல நாளாக மறைத்துக்கொண்டு நின்ற லாரி இல்லாமல் தெரு அவளுக்கு வெளிச்சமாகத் தெரிந்திருக்க வேண்டும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு படியிறங்கினாள். நான் குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அவளுக்கு வயிறு மறைத்தது, காலடி தெரியவில்லை. கடைசிப் படியிலிருந்து வெறுங்காலை எடுத்து வைத்த இடம் முன்சக்கரத்தின் பழம் கிடந்த இடம்.

வழுக்கவில்லை, விழவில்லை. அதை நான் சத்தியமாகச் சொல்வேன். காலைத் தூக்கிப் பார்த்தாள். பாதத்தில் சிவப்பாக ஒட்டியிருந்தது. ரத்தம் என்று நினைத்தோ என்னவோ, அம்மா என்று கூப்பிட்டாள். பெரியம்மா ஓடி வந்து தரையைப் பார்த்தார்கள். சக்கரத்தின் இடைவெளியில் ஒழுங்காகக் கிடந்த மற்றப் பழங்களையும் பார்த்தார்கள். மாதாமாதம் அவர்கள் வாசலிலேயே நடக்கிற பூஜைதான். ஒரு காலத்தில் சூடம் காட்டும்போது அவர்களே கன்னத்தில் போட்டுக்கொண்டதும் உண்டு. ஆனால் முந்தின நாள் அப்படிப் பேசிக் கதவைச் சாத்திய வீட்டின் பழம் அல்லவா? பெரியம்மா அக்காவைப் படியிலேயே உட்கார வைத்தார்கள். உப்புக் கரைத்து அந்தக் காலைக் கழுவினார்கள். மஞ்சள் கரைத்துக் கழுவினார்கள். அன்று முழுவதும் அவர்கள் வீட்டில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த வாரத்திலேயே வயிற்றில் பிள்ளையின் அசைவு நின்றுபோனது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆண் பிள்ளை, உயிரில்லாமல் பிறந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது என்று டாக்டரம்மா சொன்னதாக அம்மா விசாரித்து வந்து தெருவில் எல்லோரிடமும் சொன்னாள். யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. கொடி ஏன் சுற்றியது என்று எங்கள் தெருவுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது.

குழாயடியில் அம்மா வந்தால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். என்னோடு தட்டாங்கல் ஆடிய பிள்ளைகள் என் கை பட்ட கல்லைத் தொட மாட்டோம் என்றார்கள். லாரியை எடுக்கச் சொன்னதற்காகச் செய்வினை வைத்துவிட்டான் என்று பேச்சு. கடைசியில் தெருப் பெரியவர்கள் கூடி, வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோவிலில் அப்பா சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும், செய்துவிட்டால் இதைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று முடிவு சொன்னார்கள். எங்கள் ஊரில் கோர்ட்டுக்கு மேல் அது. எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துவிட்டால் அதற்குப் பிறகு கேள்வி இல்லை. பொய்ச் சத்தியம் என்றால் சாமி பார்த்துக்கொள்ளும்.

அப்பா முழு மனசோடு ஒத்துக்கொண்டார். "ஒரு சூடம் என்ன, நூறு சூடம் அணைக்கேன். நான் மதினிக்குக் கெடுதல் நினைப்பேனா?" என்று சொல்லி முதல் நாளே தலைக்குக் குளித்து விரதமிருந்தார். எனக்கும் பெரிய நிம்மதி. சனிக்கிழமையிலிருந்து மறுபடி விளையாடக் கூப்பிடுவார்கள் என்று எண்ணிக்கொண்டு, பாவாடையில் மடித்துக் கட்டித் தட்டாங்கல்லையும் கோவிலுக்குக் கொண்டுபோயிருந்தேன்.

சாயங்காலம் தெருவே வந்திருந்தது. வெயில் சாய்ந்து மலை கறுத்துத் தெரிந்தது. பூசாரி கல்லில் சூடத்தைக் கொட்டிக் கொளுத்தினார். செய்வினை வைக்கவில்லை என்று சொல்லி அணைக்கும்படி ஒரு பெரியவர் எடுத்துக்கொடுத்தார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து பெரியம்மா வந்தார்கள். அந்தச் சில நாளில் அவர்கள் பாதியாகிப் போயிருந்தார்கள். கத்தவில்லை. அப்பாவைத் தம்பி என்றே கூப்பிட்டார்கள்.

"வச்சியா வைக்கலையான்னு நான் கேக்கல தம்பி. நீ வைக்க மாட்ட, அது எனக்குத் தெரியும். அந்தப் பழத்துல ஒண்ணுமே இல்லன்னு சொல்லி அணை. எம்பேரன் அதுனால போகலன்னு சொல்லி அணை. எனக்கு அது போதும்."

சுலபமான விஷயம் என்று நினைத்தேன். பழத்தில் என்ன இருக்கும்? சாறு இருக்கும், கொட்டை இருக்கும். அப்பா அதைச் சொல்லிக் கையை வைத்தால் முடிந்தது. அப்பா கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. அவர் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார், சூடத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. சொல்லுங்க, சொல்லுங்க என்று அம்மா பின்னாலிருந்து கெஞ்சினாள். சூடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்து, நீலமாகி, தானாகவே அணைந்து புகைந்தது. அப்பா கையை இறக்கி வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

யாரும் சண்டை போடவில்லை. கூட்டம் மெதுவாக விலகி எங்களுக்கு வழி விட்டது. அந்த வழியில் நடந்து வந்ததைவிட அடி வாங்கியிருக்கலாம். பெரியம்மா கோவில் வாசலில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை, இல்லை என்று. அது கிடைத்திருந்தால் வீட்டுக்குப் போய் மகளிடம் சொல்லியிருப்பார்கள். காலை எடுத்து வைத்தது உன் குற்றமில்லை என்றாவது சொல்லியிருப்பார்கள். வெறுங்கையோடு போனார்கள்.

நான் அப்பாவைப் பற்றி வெட்கப்பட்டேன். கொதிக்கிற ரேடியேட்டர் மூடியை வெறும் துணியைச் சுற்றித் திறக்கிறவர், இம்மாத்தூண்டு சூடத்துக்குப் பயந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களிடமும் அப்படியே சொன்னேன், கை சுட்டுவிடும் என்று அப்பாவுக்குப் பயம் என்று. அவர்கள் நம்பவில்லை. அம்மா அவரோடு பல நாள் பேசவில்லை. ஒரு பொய்தானே, ஒரே ஒரு பொய், குடும்பத்துக்காகச் சொல்லக் கூடாதா என்று சுவரைப் பார்த்துக் கேட்பாள். அப்பா அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அதற்கப்புறம் அந்தத் தெருவில் இருக்க முடியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சந்துக்குள் வாடகைக்கு வந்தோம். லாரி நுழைய முடியாத சந்து. வேண்டுமென்றேதான் அப்படிப் பார்த்தார் என்று நினைக்கிறேன். வண்டி லோடு ஸ்டாண்டில் நின்றது. பேட்டரி திருடு போகக் கூடாது என்று சாயங்காலமானால் அதைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து வருவார். ஆசிட் பட்டு அவருடைய சட்டைகளெல்லாம் ஒரே தோளில் மட்டும் பொத்தலாகிப் போயின. காலையில் மறுபடி தூக்கிக்கொண்டு போவார். எங்கள் வீட்டில் சாமி படத்துக்குக் கீழே பேட்டரி இருந்தது.

சக்கரத்துக்குப் பழம் வைப்பதையும் அவர் விட்டுவிட்டார். அமாவாசையானால் ஸ்டாண்டில் எல்லா லாரியும் சந்தனமும் பழமுமாக நிற்கும், எங்கள் லாரி மட்டும் மொட்டையாக நிற்கும். அம்மா பழம் வாங்கி வந்து அவர் கையில் கொடுத்துப் பார்த்தாள். அவர் அதைத் திரும்ப அடுப்படியில் வைத்துவிட்டுப் போனார். மலைப்பாதையில் லோடு என்று அவர் கிளம்பிய நாளெல்லாம் அம்மா சாப்பிட மாட்டாள். வண்டி திரும்பி வரும்வரை சந்து முனைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருப்பாள். அப்பாவுக்கு அந்த நம்பிக்கையெல்லாம் விட்டுப்போய்விட்டது என்று நான் முடிவு செய்துகொண்டேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது. ஏழாம் வகுப்பில் அறிவியல் படிக்க ஆரம்பித்திருந்தேன்.

ஓர் அமாவாசையன்று பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று என்னை லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போனார். தேர் நிற்கிற இடத்தைத் தாண்டி, பூக்கடைகளுக்குப் பக்கத்தில் திடீரென்று பிரேக் போட்டார். முன்னால் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கையில் காய்கறிக் கூடை. ஆள் மெலிந்து, மாமியார் வயசு வந்துவிட்டவள் மாதிரி இருந்தாள். இடுப்பில் பிள்ளை எதுவும் இல்லை. அவள் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. வண்டியை மட்டும் பார்த்தாள். லாரி என்றாலே பார்த்துவிடுவாளோ என்னவோ, குனிந்து எங்கள் முன்சக்கரத்தடியைப் பார்த்தாள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெகுதூரம் சுற்றி, தரையைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து ரோட்டைக் கடந்து போனாள்.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். அப்பா வண்டியை எடுக்கவில்லை. அவள் திரும்பிப் போன சந்து முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கிப் போய்ப் பேசுவார் என்று நினைத்தேன். அவர் இறங்கவில்லை.

எனக்கு ஏதாவது பேசிவிட வேண்டும் போலிருந்தது. நம் வண்டியில்தான் பழமே வைப்பதில்லையே, அந்த அக்கா ஏன் பயப்படுகிறாள் என்றேன். அம்மா தினம் அழுகிறாளே, மற்றவர்கள் எல்லாம் வைக்கிறார்களே, அவளுக்காகவாவது ஒரு பழம் வைத்தால் என்ன என்று கேட்டேன்.

அப்பா கியரைப் போட்டுக்கொண்டே, ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

"வச்சா, தொத்துனது வண்டிய விட்டு எறங்கிரும்மா. எறங்குனத எங்க கொண்டு போட? எங்க போட்டாலும் ஒரு வீடு இருக்கு. முச்சந்தியிலயும் ஆளு நடக்காக. எங்கிட்டயே இருந்துட்டுப் போகட்டும்."

நசுங்கின பழத்தைப் போட இவ்வளவு பெரிய ஊரில் ஒரு குப்பைத்தொட்டியா இல்லை என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூட வாசலில் மணி அடித்துக்கொண்டிருந்தது. லாரியிலிருந்து குதித்து, அவருக்குக் கைகூடக் காட்டாமல் உள்ளே ஓடினேன். அவர் அன்று மலைப்பாதையில் போக வேண்டியிருந்தது.